இருளாயி வேலைக்கு வந்த ஒரே நாள்

உலகத்துக்கே நேரம் சொல்கிறோம் என்று பெருமை பேசிக்கொள்ளும் ஊர்கள் சில உண்டு. அவையெல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை அளந்து சொல்பவை. நேரத்தையே புதிதாக உண்டாக்கும் பெருமை திருச்சியில் ஓர் அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. புத்தூரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாவது மாடியில், தண்ணீர் கேனுக்கும் தீயணைப்பு மணல் வாளிக்கும் நடுவே காலம் தினமும் பிறந்துகொண்டிருந்தது. சனி, ஞாயிறு அதற்கும் விடுமுறை.

மின்னணுக் கருவிகள் பராமரிப்பு ஆலோசனை வாரியத்தின் திருச்சி மண்டல அலுவலகம் அது. மற்ற அலுவலகங்களில் உள்ள மின்னணுக் கருவிகளை எப்படிப் பேண வேண்டும் என்று அறிவுரை சொல்வது வாரியத்தின் பணி. கருவிகளைத் தொடுவது அதன் பணி அல்ல. தொட்டால் அறிவுரையின் தூய்மை கெட்டுவிடும் என்பது கண்காணிப்பாளர் சௌரிராஜனின் கருத்து.

சௌரிராஜன் ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர். வாரியம் தொடங்கிய இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டிலேயே பணியில் சேர்ந்து, இருபத்துநான்கு ஆண்டில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவர். அலுவலகம் தொடர்ந்து ஐந்து ஆண்டுகளாக வாங்கிய 'நேரந்தவறாமைக் கேடயங்கள்' அவர் மேசைக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. இவற்றையெல்லாம்விட அவர் பெரிதாக நினைப்பது தாம் எழுதிய நூலை. 'கடிகாரக் காப்பு மின்கலங்கள்: பேணலும் மாற்றலும்.' நாற்பத்தாறு பக்கம். "காப்பு மின்கலத்தை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றாத அலுவலகம், தன் நேரத்தை மட்டுமன்று, நாட்டின் நேரத்தையும் வீணடிக்கிறது" என்பது அதன் முதல் வாக்கியம். ஆயிரம் படி அச்சிட்டார்கள். நூறு படி போக வேண்டிய இடங்களுக்குப் போயிற்று. மீதித் தொள்ளாயிரம் நடைவழியில் கட்டுக்கட்டாக நின்று, மாடிக்கு வருகிறவர்களுக்கு உட்காரும் இடமாகத் தொண்டு செய்துகொண்டிருந்தது.

வாசலருகே சுவரில் ஒரு விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி. விரலை வைத்தால் ஒரு பெண் குரல் "நன்றி" என்று சொல்லும். வந்து ஆறு ஆண்டாகிறது. அதன் வயிற்றுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சின்ன பேட்டரி உண்டு; நூலின் மொழியில் காப்பு மின்கலம். மின்சாரம் இல்லாத நேரத்தில் உள்ளே இருக்கும் கடிகாரம் நின்றுவிடாமல் ஓட்டுவது அதுதான். சாதாரண அலுவலகத்தில் அதற்கு எப்போதாவது ஒரு மணி நேர வேலை. இந்த அலுவலகமோ மின்சிக்கனத்திலும் கேடயம் வாங்கியது. கடைசியாகப் போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது சௌரிராஜனின் நிலையாணை. ஆகவே அந்தப் பொத்தான் பேட்டரி ஒவ்வோர் இரவும், ஒவ்வொரு சனி ஞாயிறும், பொங்கல் விடுமுறை முழுக்கவும் தன்னந்தனியாகக் காலத்தைச் சுமந்தது. மூன்றாவது ஆண்டில் செத்துப்போயிற்று. அதை யாரும் எழுத்தில் தெரிவிக்காததால், அது சாகவில்லை.

அன்று முதல் கருவி ஒவ்வொரு காலையும் இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் கண் விழித்தது.

இந்த நெருக்கடியில்தான் சௌரிராஜனின் மேன்மை வெளிப்பட்டது. 'காலம் வைத்தல்' என்ற நிகழ்ச்சியை அவர் தொடங்கினார். ஊழியர்கள் புத்தகக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி காத்திருப்பார்கள். யாரும் விரல் வைக்க மாட்டார்கள். நேரமே இன்னும் வராதபோது விரல் வைப்பது முறையில்லை. சௌரிராஜன் படியேறி வருவார். கை கழுவுவார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அது பதினொன்று ஐந்து என்று சொல்லும். அதை அவர் மன்னித்துவிடுவார். பிறகு கருவிக்கு முன் நின்று, யார் கண்ணிலும் படாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அழுத்தி, இன்றைய தேதியையும் ஒன்பது ஐம்பத்தைந்து என்ற நேரத்தையும் வைப்பார். முதல் விரல் அவருடையது. பிறகு மூப்பு வரிசையில் மற்றவர்கள்.

ஒரு மணி பத்து நிமிடம் இப்படிக் காணாமல் போகிறதே, மாலையில் வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளிப்போகாதா என்று கேட்கலாம். அதற்கும் வழி இருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் சௌரிராஜன் ஒரு 'சிறு திருத்தம்' செய்வார். தயிர்சாதம் முடியும்போது காலம் ஒரே தாவாகத் தாவி ஊரோடு சேர்ந்துகொள்ளும்.

இந்த ஒழுங்கான உலகத்தில் ஒரே ஒருவர்தான் ஒழுங்கு தவறினார். துப்புரவுப் பணியாளர் இருளாயி. அவர் நேரத்துக்கு வந்தார்.

காட்டூரிலிருந்து முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்து ஏழரைக்கு மாடி ஏறி, கதவைத் திறந்து, மெயினைப் போட்டு, கருவியில் விரல் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுப்பார். மதியம் போகும்போது மறுபடி விரல். ஒரு நாளுக்கு இரண்டு தடவை, அதற்கு மேல் வைத்தால் கருவியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றம் என்று சேர்ந்த அன்றே அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒப்பந்த வேலை. ஓர் ஆண்டில் இருநூறு நாள் வருகை கருவியில் பதிவாகியிருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் தேதி வேறு ஆள்.

மார்ச் மாதம் இளநிலை உதவியாளர் கமலினி வருகைப் பட்டியலை எடுத்தாள். கே.கே. நகரிலிருந்து வரும் பெண். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆனதால் இன்னும் எதையும் பார்த்தால் பார்த்தபடி சொல்லும் பழக்கம் அவளுக்குப் போகவில்லை. பட்டியலைக் கொண்டுபோய் சௌரிராஜனின் மேசையில் வைத்தாள்.

"சார், இருளாயிக்கா இந்த வருஷம் ஒரு நாள்கூட வரலைன்னு காட்டுது."

"தினமும் பார்க்கிறோமேம்மா."

"போனது மட்டும் இருக்கு சார். இருநூத்தி இருபத்தாறு நாள் ஆபீசை விட்டுப் போயிருக்காங்க. வந்ததெல்லாம் இரண்டாயிரம் ஜனவரி ஒண்ணுல விழுந்திருக்கு."

சௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைகுந்தம் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று அவருக்குத் தெரியும். வராமலேயே தினமும் போய்க்கொண்டிருந்த ஆத்மாவை அவர் எந்த வியாக்கியானத்திலும் கண்டதில்லை. அன்றே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை பிறந்தது. மூன்று கேள்விகள். நடப்பு ஆண்டு முழுவதும் பணிக்கு வராதது ஏன்? 1-1-2000 அன்று ஒரே நாளில் இருநூற்று இருபத்தாறு முறை பணிக்கு வந்தது ஏன்? அப்போது ஒன்பது வயதே ஆன நிலையில், அதற்கு யாரிடம் அனுமதி பெறப்பட்டது?

விசாரணை அவர் அறையிலேயே நடந்தது.

"இரண்டாயிரமாம் வருஷம் ஜனவரி ஒண்ணாம் தேதி நீ எங்கே இருந்தே?"

"வீட்டுல சார். நாலாங்கிளாஸ் படிச்சேன். அன்னிக்கு ஸ்கூல் லீவு."

"லீவு நாள்ல ஆபீசுக்கு ஏன் வந்தே?"

இருளாயி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "சார், நான் தினமும் ஏழரைக்கு வர்றேன். மெயினைப் போடுறேன். மெஷின் கண்ணு முழிக்குது. விரல் வைக்கிறேன். 'நன்றி'ன்னு சொல்லுது. அதுக்கு மேல நான் என்ன சார் பண்ணணும்?"

"அது சொல்றது உனக்குப் புரியறது. எழுதறது புரியலை. அதுதான் சிக்கல்."

"எனக்கு இந்த வேலை வேணும் சார்."

"வேண்டாம்னு யார் சொன்னா? வந்தியான்னுதான் கேக்கறோம்."

பிரச்சினையின் ஆழத்தைக் கருதி மூவர் குழு அமைக்கப்பட்டது. தலைவர் சௌரிராஜன். உறுப்பினர், தொழில்நுட்ப அலுவலர் அனந்தபத்மநாபன். பதினெட்டு ஆண்டு சேவையில் ஒரு திருப்புளியைக்கூடக் கையில் எடுக்காத தூய தொழில்நுட்பர். குறிப்பெடுக்கக் கமலினி. குழு இரண்டு மணி நேரம் கூடிற்று. அதில் ஒரு மணி பத்து நிமிடம் சாப்பாட்டு வேளையில் விழுந்ததால் கணக்கில் வரவில்லை.

அனந்தபத்மநாபன் ஒரு தீர்வு சொன்னார். "அவ எல்லாரையும் போல பத்து மணிக்கு விரல் வைக்கட்டுமே."

"அப்ப ஏழரைக்குக் கதவு திறந்து மெயினைப் போடறது யாரு?"

"அவதான்."

"அப்ப அவ ஏழரைக்கே வந்தாச்சு இல்லையா?"

"வந்தாச்சு. ஆனா வரலை."

சௌரிராஜன் அந்தச் சொற்றொடரை மிகவும் ரசித்தார். 'வந்தும் வராதவர்' என்று ஊழியர்களில் ஒரு புதிய வகையை உண்டாக்கலாமா என்று குழு ஆலோசித்தது. அப்போது கமலினி பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சார், பேட்டரியை மாத்தினா எல்லாம் சரியாயிடும்."

சௌரிராஜன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"பேட்டரி கெட்டுப்போச்சுன்னு யாரும்மா சொன்னா?"

"மெஷின் தினமும் இரண்டாயிரத்துல எழுந்திரிக்குதே சார்."

"கருவியோட பதிவே இறுதி. என் புஸ்தகத்துல முப்பத்தொண்ணாம் பக்கம் பாரு."

"அப்ப இப்ப நாம எந்த வருஷத்துல இருக்கோம் சார்?"

"அதை நான் காலம்பற வச்சிருக்கேனே," என்றார் சௌரிராஜன் பொறுமையாக.

கமலினி அடங்கவில்லை. மறுநாள் மதியம் பெரிய கடை வீதியில் கடிகாரக் கடை வைத்திருக்கும் நஜிமுதீனை அழைத்து வந்துவிட்டாள். அவர் கருவியை அண்ணாந்து பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு அட்டையை எடுத்தார். அதில் பளபளவென்று ஒரு பொத்தான் பேட்டரி.

"உள்ளே இருக்கறது போய்ச் சேர்ந்து மூணு வருஷம் இருக்குங்க. நாலு ஸ்க்ரூ. டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"பாய், இதைப் பத்தி நாப்பத்தாறு பக்கம் எழுதியிருக்கேன். படிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஸ்க்ரூடிரைவர் இருக்கு."

"அதான் பார்த்தேன்," என்று சௌரிராஜன் வருத்தத்தோடு தலையசைத்தார். கருவியைத் திறக்க அதை விற்ற நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கப் பழுது என்று எழுத வேண்டும். பழுது என்று எழுதினால், காப்பு மின்கலம் பற்றி நாட்டுக்கே எழுதியவரின் அலுவலகத்தில் காப்பு மின்கலம் செத்துக் கிடந்தது என்று ஆகும். எப்போது செத்தது என்ற கேள்வி வரும். அன்றிலிருந்து காலையில் மணி வைத்தது யார் என்ற கேள்வி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். இதில் முதல் வாக்கியத்தை மட்டும் அவர் நஜிமுதீனிடம் சொன்னார். நஜிமுதீன் படியிறங்கும்போது, கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்த இருளாயியிடம் அட்டையைக் கொடுத்தார்.

"வச்சுக்கம்மா. என்னிக்காவது புத்தி வந்தா போடச் சொல்லு."

பதிவுப்படி வருகை இல்லை, ஏப்ரல் முதல் வேலையும் இல்லை என்று குழு முடிவெழுதியதும், இருளாயி சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினார். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் இணை இயக்குநர் வேதவதி நேரில் விசாரிக்க வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. மதியம் ஒரு மணிக்கு மேல் வந்ததால், காலம் ஊரோடு ஒத்துப்போயிருந்த நல்ல வேளையாக அது அமைந்தது.

"சொல்லுங்க," என்றார் இருளாயியிடம். அந்த அறையில் இருளாயியிடம் யாரும் 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் முறை. அனந்தபத்மநாபன், யாரிடம் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்.

"மேடம், சார் எழுதின புக்குல முப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு. 'கருவியின் பதிவே இறுதியானது. மனித வாக்குமூலம் எதுவும் அதை மீறாது.'"

சௌரிராஜன் நிமிர்ந்தார். "நீ என் புஸ்தகத்தைப் படிச்சியா?"

"முழுசும் சார். தினமும் நான்தானே தூசி தட்டுறேன். நீங்க எல்லாரும் வர்ற வரைக்கும் படிக்கிறதுக்கு நேரம் இருக்கு."

சௌரிராஜனின் கண்கள் கலங்கின. அந்த நூலுக்கு ஒரு வாசகர் கிடைப்பார் என்ற நம்பிக்கையை அவர் இழந்திருந்த சமயம் அது. மகிழ்ச்சியில் அவர் அடுத்து வந்ததைச் சரியாகக் கவனிக்கவில்லை.

இருளாயி முந்தானையில் முடிந்திருந்த பேட்டரி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "பதிவு தப்புன்னா, உள்ளே இருக்கற பேட்டரி செத்துப்போச்சு மேடம். அதைப் போட்டா சரியாயிடும்னு கடிகாரக் கடை பாய் சொன்னாரு. ஆனா செத்துப்போச்சுன்னா, இத்தனை வருஷமா காலைல இங்கே மணி எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க கேப்பீங்க. அதை நான் ஏன் சொல்லணும். பதிவு சரின்னா, நான் இரண்டாயிரம் ஜனவரி ஒண்ணுலேர்ந்து இங்கே வேலை பார்க்கறேன். சார் சேர்ந்தது அதுக்கு அப்புறம்."

வேதவதி அட்டையைப் பார்த்தார். பிறகு கேடயங்களைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதைப் போல உதடு அசைந்தது.

"சௌரிராஜன், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பேட்டரி செத்துப்போச்சா? இல்லை, இவங்க ஒன்பது வயசுல வேலைக்குச் சேர்ந்தாங்களா?"

ஒரு மனிதனின் வாழ்வில் இப்படிப்பட்ட கணம் ஒரு முறைதான் வரும். நாற்பத்தாறு பக்கம் அவர் கண்முன் புரண்டது. ஐந்து கேடயங்கள் மின்னின. காவிரிப் பாலத்தில் பத்தேமுக்காலுக்குத் தாம் ஸ்கூட்டரில் காற்று வாங்கியபடி வரும் காட்சி, வேறு யாரோ பார்ப்பதுபோல் அவருக்கே தெரிந்தது. ஒரு பக்கம் வெறும் உண்மை. மறுபக்கம் அலுவலகத்தின் மானம். சௌரிராஜன் பெருமூச்சு விட்டார்.

"ஒன்பது வயசுலயே சேர்ந்துட்டாங்க மேடம். அப்பவே நல்ல சுறுசுறுப்பு."

"குழந்தையை வேலைக்கு வச்சது குத்தமாச்சே?"

"அன்னிக்கு அரசு விடுமுறை மேடம். விடுமுறையில பார்த்தது வேலைக் கணக்குல வராது."

"வாரியமே இரண்டாயிரத்தொண்ணுலதானே ஆரம்பிச்சது," என்று அனந்தபத்மநாபன் மெதுவாக நினைவூட்டினார்.

"அதனால என்ன? வாரியம் வர்றதுக்கு முன்னாடியே வாரியத்துக்காக உழைச்சிருக்காங்க. அந்த மாதிரி ஆளை எங்கே பார்க்க முடியும்?"

வேதவதி முகத்தில் எதுவும் தெரியவில்லை. அங்கேயே ஆணை எழுதினார்: இருளாயி 1-1-2000 முதல் பணியில் இருப்பவராகக் கருதப்பட்டு நிரந்தரமாக்கப்படுகிறார், பணிமூப்பில் அலுவலகத்தில் முதல் இடம். கையெழுத்துப் போட்டுவிட்டு நூலை எடுத்து ஒரு தாளைப் புரட்டினார்.

"அடுத்த பக்கத்தையும் படிச்சீங்களா?"

"படிச்சேன் மேடம்," என்றார் இருளாயி.

சௌரிராஜன் அன்று நிம்மதியாக வீடு திரும்பினார். கருவி வென்றது. நூல் வென்றது. ஓர் ஏழைக்கு வேலையும் கிடைத்தது. மறுநாள் அரங்கனைச் சேவித்து, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டு, வழக்கம்போலக் காவிரியைக் கடந்து மாடி ஏறினார்.

புத்தகக் கட்டுகளின் மேல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கமலினி இடத்தில் இருந்தாள். இருளாயி கேடயங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். சௌரிராஜன் கை கழுவிக்கொண்டு கருவியின் முன் நின்றார். அதில் ஏற்கெனவே இன்றைய தேதி இருந்தது. பழக்கத்தில் நீண்ட விரல் கண்ணாடியைத் தொட்டுவிட்டது.

"நன்றி," என்றது பெண் குரல். திரையில் 11:05.

சௌரிராஜன் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இருளாயி..." என்று தொடங்கி, பணிமூப்பு நினைவுக்கு வந்து நிறுத்தினார். "நீங்க என்ன பண்ணினேள்?"

"முப்பத்திரண்டாம் பக்கம் சார். 'கருவிக்குக் கையால் நேரம் வைக்க நேர்ந்தால், அதற்குரிய அதிகாரம் பணியில் மூத்தவருக்கே உண்டு.' கடவுச்சொல்லை மேடம் சென்னை ஆபீஸ்ல கேட்டு, ஆணையோட எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. காலைல ஏழு முப்பத்தொண்ணுக்கு வச்சேன்."

"எந்த மணியை வச்சேள்?"

"இருந்த மணியை சார்."

படியில் அனந்தபத்மநாபன் மூச்சிரைக்க ஏறி வந்து, காலம் வைத்தாகிவிட்டது என்ற எண்ணத்தில் விரலை வைத்தார். அவருக்கும் கருவி நன்றி சொன்னது.

சௌரிராஜன் தம் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் அந்தக் கருவியைப் பற்றி நிறுவனத்துக்கு ஒரு வரிகூடப் புகார் எழுதியதில்லை. இப்போது கமலினியைக் கூப்பிட்டார்.

"கருவி பழுதுன்னு கம்பெனிக்கு உடனே ஒரு கடிதம் எழுதும்மா. மிக அவசரம்னு மேலே போடு."

"என்ன பழுதுன்னு எழுதணும் சார்?"

சௌரிராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஒன்பது. கருவியைப் பார்த்தார். பதினொன்று ஒன்பது. கீழே பல் மருத்துவமனையின் வரவேற்பறையிலிருந்து பதினொன்று பத்துக்கு நேரம் வாங்கியிருந்த நோயாளியைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"நேரத்தைச் சரியா காட்டறதுன்னு எழுது."